கிட் வாங்கி முதல்முறை பீர் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வீட்டில் பீர் செய்வது நாலு பேருக்குத் தெரிந்த நாளிலிருந்து, புதிதாகக் கிட் வாங்கியவர்களின் சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் முக்கால்வாசி, ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவே வருபவை. சுருக்கமாகச் சொன்னால் எல்லாம் ஒரே கேள்விதான்: "போச்சா?" பெரும்பாலும் போயிருக்காது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் முதல்முறை வரிசையாகப் படித்துவிடுங்கள்.

கிட்டுக்குள்ள என்னதான் இருக்கு? தண்ணியில கரைச்சா பீர் ஆயிடுமா?

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். ஹாப்ஸ் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்கும் நுண்ணுயிர், அந்த வேலைக்குத்தான் நொதித்தல் என்று பெயர். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு இறக்குவதுதான் பீர் வேலையில் நேரம் பிடிக்கிற பகுதி. கிட் தயாரிப்பவர்கள் அதை முடித்து, கசப்புக்கு ஹாப்ஸும் சேர்த்து, தண்ணீரை வற்றவைத்து, தேன் போலக் கெட்டியான பாகாக டின்னில் அடைத்துத் தருகிறார்கள். வழக்கமான டின் 1.7 கிலோ இருக்கும். அதிலிருந்து 23 லிட்டர் பீர் வரும். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் 5 முதல் 7 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் மூடியோடு குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆரம்பக் கிட்டாக வாங்கினால் கூடவே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சின்ன அடைப்பு), குழாய், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் மிதவை), பாட்டில் மூடிகள், மூடியை அழுத்தும் கருவி எல்லாம் வரும். டின் மட்டும் வாங்கினால் இவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று ஹைட்ரோமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இது சட்டப்படி சரிதானா?

நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மத்திய அரசு 1978இல் சட்டம் போட்டு அனுமதித்தது. ஆனால் அதன் எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொள்ள 2013 வரை ஆனது. இன்றும் உரிமம் இல்லாமல் செய்வதைக் குற்றமாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கிட் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதைக் காய்ச்சலாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு டின்னைத் திறங்கள். அனுமதி உள்ள இடங்களிலும் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்குத்தான், விற்கக் கூடாது.

வீட்ல செஞ்சதைக் குடிச்சா கண்ணு போயிடும்னு சொல்றாங்களே?

கள்ளச்சாராயச் சாவுகளைப் படித்துப் படித்து வந்த பயம் இது. பயம் நியாயமானது, ஆனால் அது வேறு சரக்கு. அங்கே ஆளைக் கொல்வது மெத்தனால். தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதாலோ, கண்மூடித்தனமாகக் காய்ச்சி வடிப்பதாலோ அது வருகிறது. பீரில் வடித்தல் என்ற வேலையே கிடையாது. மெத்தனால் முக்கியமாகப் பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து உண்டாவது. மால்ட் பாகில் அதற்கு இடமே இல்லை என்று சொல்லலாம்.

கிருமிகளைப் பொறுத்தவரை, முழுதாக நொதித்த பீரில் ஆல்கஹால் இருக்கிறது, அமிலத்தன்மை இருக்கிறது, ஹாப்ஸ் இருக்கிறது. நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் இந்த மூன்றையும் தாண்டிப் பிழைப்பது அரிது. கெட்டுப்போன பீர் வாயில் வைக்க முடியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: செய்த பீரை "கொஞ்சம் வடித்துப் பார்க்கலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீ ஆபத்து ஒரு பக்கம், பெரும்பாலான நாடுகளில் அது கடுமையான குற்றமும் கூட.

இன்னைக்கு ஆரம்பிச்சா எப்போ குடிக்கலாம்?

ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு முதல் நாள் இரண்டு மணி நேரம், பாட்டிலில் அடைக்கும் நாள் மூன்று மணி நேரம். மிச்சமெல்லாம் காத்திருப்பு: வாளியில் இரண்டு வாரம், பாட்டிலில் இரண்டு வாரம். சில டின்களில் ஒட்டியுள்ள தாளில் ஐந்தாறு நாளில் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்று போட்டிருப்பார்கள். அந்த வரியை மறந்துவிடுங்கள்.

நல்லா சோப்புப் போட்டுக் கழுவினா போதாதா? சானிடைசர் எதுக்கு தனியா?

கழுவுவது கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கு, சானிடைசர் தெரியாததற்கு. மால்ட் கரைசல் சர்க்கரை நிறைந்த வெதுவெதுப்பான திரவம். ஈஸ்ட்டுக்கு எவ்வளவு பிடிக்குமோ அதே அளவு பாக்டீரியாவுக்கும் காட்டு ஈஸ்ட்டுக்கும் பிடிக்கும். நாம் போடும் ஈஸ்ட் பெருகி இடத்தைப் பிடிக்க ஒரு நாள் ஆகும். அதற்குள் வேறு யாரும் குடியேறிவிடக் கூடாது.

பாஸ்பாரிக் அமில வகைச் சானிடைசர் எனக்குப் பிடித்தது. தாளில் சொன்ன அளவில் கலக்கி, ஒன்றிரண்டு நிமிடம் நனையவைத்து, அப்படியே கவிழ்த்துவிடலாம். அலச வேண்டாம், நுரை ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு பிளீச்சும் வேலை செய்யும், ஆனால் நன்றாக அலச வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் நச்சு வாயு வரும், சேர்க்கவே கூடாது. வாளியை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்த கிருமியை எந்தச் சானிடைசரும் எட்டாது.

பாகு கரைசலைத் தொடப்போகும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: கரண்டி, தெர்மாமீட்டர், கத்தரிக்கோல், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்பக்கம் கூட.

குழாய்த் தண்ணி ஊத்தலாமா, கேன் தண்ணிதானா?

குடிக்க ருசியாக இருக்கும் தண்ணீர் எதுவானாலும் சரி. குளோரின் வாடை அடித்தால்தான் சிக்கல். அது மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்து மருந்துக்கடை வாடையைக் கொடுக்கும், அது போகவே போகாது. வெறும் குளோரின் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பறந்துவிடும். சில இடங்களில் குளோரமைன் போடுகிறார்கள். அது கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் போகாது. அதற்குக் கேம்டன் மாத்திரை என்று ஒன்று கிடைக்கும், 23 லிட்டருக்கு அரை மாத்திரையே தாராளம். சுத்திகரித்த தண்ணீரும் ஊற்றலாம். தாது உப்புகள் பாகோடு ஏற்கெனவே வந்துவிடுவதால், கிட் பீருக்கு அது குறையாகத் தெரியாது.

முதல் நாள் வேலையை வரிசையா ஒருதரம் சொல்லிடுங்களேன்.

எல்லாவற்றையும் சானிடைஸ் செய்யுங்கள். டின்னை வெந்நீரில் கால் மணி நேரம் நிற்கவையுங்கள், பாகு இளகிவிடும். வாளியில் கொதிக்கவைத்த தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றி, பாகையும் டின் தாளில் சொன்ன சர்க்கரையையும் போட்டு, அடியில் ஒட்டாமல் முழுதாகக் கரையும்வரை கலக்குங்கள். டின்னில் ஒட்டியிருப்பதையும் வெந்நீர் விட்டு வழித்து ஊற்றுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரால் 23 லிட்டர் கோடுவரை நிரப்புங்கள். இந்தக் கரைசலுக்கு வோர்ட் என்று பெயர்.

நிரப்பும்போது உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுங்கள், அல்லது கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். பெருகுவதற்கு ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். இந்த ஒரு கட்டத்தில்தான் காற்று நல்லது. நொதித்த பிறகு காற்றுப் பட்டால் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும்.

அடுத்து வெப்பம் பாருங்கள். 18 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் வந்த பிறகுதான் ஈஸ்ட். நான் முதல்முறை செய்தபோது கையை வாளியில் ஒட்டிப் பார்த்து "ஆறிடுச்சு" என்று முடிவுகட்டிக் கொட்டினேன். தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பீர் பெயின்ட் தின்னர் மாதிரி இருந்தது. ஈஸ்ட் போடுவதற்குமுன் ஹைட்ரோமீட்டர் அளவு ஒன்றும் எடுத்து எழுதி வையுங்கள். மூடி, ஏர்லாக்கில் பாதித் தண்ணீர், இருட்டான மூலை. அன்றைய வேலை முடிந்தது.

டின்ல ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்லுது. வீட்டுச் சர்க்கரையே போடலாமா?

போடலாம். ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதனாலேயே பீர் மெலிசாக, தண்ணீர்த்தனமாக இருக்கும். கொஞ்சம் உடம்பும் (வாயில் தெரியும் கனம்) நுரையும் வேண்டுமென்றால் பாதிச் சர்க்கரைக்குப் பதில் உலர் மால்ட் பொடி போடுங்கள். சர்க்கரையே வேண்டாம், இரண்டு டின் பாகு என்று செய்பவர்களும் உண்டு. அப்போது கசப்பும் இரண்டு மடங்காகும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஈஸ்ட்டை மேலாகத் தூவணுமா, தண்ணியில கரைச்சு ஊத்தணுமா?

இரண்டும் வேலை செய்யும். முதல்முறைக்குத் தூவிவிட்டு மூடுங்கள், ஒரு வேலை மிச்சம். கரைப்பதானால் ஈஸ்ட்டைப் போலப் பத்து மடங்கு தண்ணீர், 30 முதல் 35 டிகிரிக்குள், கொதிக்கவைத்து ஆறியது. இதைவிட முக்கியம் பொட்டலத்தின் தேதி. டின் எத்தனை மாதம் வெயில்படும் அலமாரியில் இருந்ததோ, ஈஸ்ட்டும் அங்கேதான் இருந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் 11 கிராம் அளவில் வரும் தனி ஏல் ஈஸ்ட் (அறை வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகைப் பீருக்கானது) ஒன்று வாங்கிப் போடுங்கள். கிட்டில் நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே குறைந்த செலவில் பெரிய வித்தியாசம் காட்டுவது அதுதான்.

அண்ணே, ரெண்டு நாளாச்சு, ஏர்லாக்ல ஒரு குமிழி கூட வரல. போச்சா?

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். குமிழி வராததற்குப் பெரும்பாலும் காரணம் மூடி சரியாகப் பொருந்தாததுதான். வாயு சுலபமான வழியில் வெளியேறும். மூடியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஏர்லாக் பக்கம் எட்டிப் பார்க்காது. பீர் உள்ளே ஜோராக நொதித்துக்கொண்டிருக்கும்.

வாளி வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்தால் வெளியிலிருந்தே பாருங்கள். மேற்பரப்பில் நுரை, அல்லது நுரை ஏறி இறங்கிய பழுப்பு வளையம் தெரிந்தால் கவலை இல்லை. எதுவும் தெரியவில்லை என்றால் மூன்றாம் நாள் ஒரு ஹைட்ரோமீட்டர் அளவு எடுங்கள். முதல் நாள் எழுதி வைத்த எண்ணைவிட இறங்கியிருந்தால் ஈஸ்ட் வேலை செய்கிறது. இம்மியும் அசையவில்லை என்றால் புது ஈஸ்ட் ஒரு பொட்டலம் போடுங்கள். மணிக்கொருதரம் மூடியைத் திறந்து பார்ப்பதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. பதறாத காரியம் சிதறாது.

எங்க வீட்ல பகல்ல 32 டிகிரி. ஏசி இல்ல. செய்யவே முடியாதா?

முடியும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 32 காட்டினால் வாளிக்குள் இன்னும் கூடுதலாக இருக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை உண்டாக்கும். முதல் மூன்று நாள் அறையைவிட இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை ஏறும். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி பிடிக்கும். முப்பதைத் தாண்டினால் காரமான, தின்னர் வாடை வீசும் கனமான ஆல்கஹால்களை உருவாக்கும். தலைவலிப் பீர் என்று நண்பர்கள் சொல்வது இதைத்தான்.

வாளியை அகலமான தொட்டியில் தண்ணீருக்குள் நிற்கவைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைச் சுற்றிலும் போட்டு, காலையும் மாலையும் மாற்றுங்கள். மேலே ஈரத் துணி சுற்றி மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இன்னும் சில டிகிரி இறங்கும். மூன்று நான்கு நாள் இப்படிக் காப்பாற்றினால் போதும், ருசி பெரும்பாலும் அதற்குள் முடிவாகிவிடும்.

இன்னொரு வழி ஈஸ்ட்டை மாற்றுவது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலேயும், சில ரகங்கள் 40 டிகிரியை நெருங்கியும் சுத்தமாக வேலை செய்யும், வேகமும் அதிகம். குளிர்நாட்டு ஈஸ்ட் சூட்டுக்கு இப்படி ஈடுகொடுப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

லாகர்னு போட்ட டின் வாங்கிட்டேன். ஃப்ரிட்ஜ் வேணுமாமே?

ஈஸ்ட் பொட்டலத்தைப் பொறுத்தது. உண்மையான லாகர் ஈஸ்ட் 8 முதல் 14 டிகிரிக்குள் மெதுவாக வேலை செய்யும், பிறகு குளிரில் பல வாரம் கிடக்க வேண்டும். ஆனால் லாகர் என்று எழுதிய பல டின்களில் உள்ளே இருப்பது ஏல் ஈஸ்ட். தாளில் 20 டிகிரிக்கு மேல் வைக்கச் சொல்லியிருந்தால் அது அனேகமாக ஏல்தான், மேலே சொன்ன மாதிரியே செய்யுங்கள்.

மேலே அழுக்கு மாதிரி பழுப்பா மிதக்குது, முட்டை நாத்தம் வேற அடிக்குது. கொட்டிடவா?

கொட்டாதீர்கள். பழுப்பு நுரை ஈஸ்ட், புரதம், ஹாப்ஸ் பிசின் எல்லாம் சேர்ந்தது, தானே கீழே இறங்கும். முட்டை வாடை கந்தக வாயு. சில ஈஸ்ட் வகைகள், அதிலும் லாகர் வகை, இப்படித்தான் நாறும். நொதித்தல் முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும்.

கவலைப்பட வேண்டியது வேறு. பஞ்சு மாதிரி மயிர் முளைத்த பச்சை, கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை, கொட்டிவிடுங்கள். நொதித்தல் முடிந்தபின் மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் பரவினால் காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ புகுந்திருக்கிறது.

ஹைட்ரோமீட்டரை எப்படிப் படிக்கிறது? ஆல்கஹால் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?

அது திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை. வெறும் தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடினால் எண் ஏறும். ஒரு டின்னும் ஒரு கிலோ சர்க்கரையும் 23 லிட்டரில் கரைத்தால் ஏறக்குறைய 1.040 வரும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கி 1.010 பக்கத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கும். குமிழி ஒட்டியிருந்தால் மிதவை தூக்கிக் காட்டும், அதனால் விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். பெரும்பாலான மிதவைகள் 20 டிகிரிக்கு அளவு பார்த்தவை. 30 டிகிரியில் எடுத்தால் 0.002 முதல் 0.003 வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.040இல் தொடங்கி 1.008இல் முடிந்தால் வித்தியாசம் 0.032, அதாவது 4.2 சதவீதம். அளந்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், அதுவும் பாடம்தான்.

எப்போ முடிஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

குமிழி நின்றது அடையாளம் இல்லை, நாள்காட்டியும் அடையாளம் இல்லை. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவு எடுங்கள். எண் மாறவில்லை, அதுவும் எதிர்பார்த்த இடத்தில் நிற்கிறது என்றால் முடிந்தது. ஹைட்ரோமீட்டரை விடாதீர்கள் என்று முதலில் சொன்னேனே, இதற்காகத்தான். முடிந்தபிறகும் இன்னும் மூன்று நான்கு நாள் விட்டுவையுங்கள். ஈஸ்ட் தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடை, பச்சை ஆப்பிள் வாடை இரண்டையும் அந்த நாள்களில்தான் திரும்ப விழுங்குகிறது.

1.020லயே நாலு நாளா நிக்குது. பாட்டில்ல அடைச்சிடலாமா?

கூடாது. பாகில் செய்த பீர் இந்த எண்ணில் மாட்டிக்கொள்வது சகஜம், பெரும்பாலும் குளிர்ந்துபோனதால். வாளியை இரண்டு மூன்று டிகிரி கூடுதல் வெப்பமுள்ள இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெல்ல ஆட்டி, அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கிளப்பிவிடுங்கள். ஒரு வாரம் பார்த்தும் அசையவில்லை என்றால் புது ஈஸ்ட். சர்க்கரை போடாமல் முழு மால்ட்டில் செய்திருந்தால் 1.014, 1.016 என்பதே முடிவாக இருக்கலாம்.

பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாளிக்கு மாத்தி வைக்கணுமா?

பழைய புத்தகங்கள் அப்படிச் சொல்லும். மூன்று வாரத்துக்குள் அடைக்கப்போகிறீர்கள் என்றால் தேவையில்லை. காற்றும் கிருமியும் புக இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை? ஸ்பூன் கணக்குல சொல்லுங்க.

ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசில் எடை போடுங்கள். லிட்டருக்கு 6 கிராம். அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம், 22 லிட்டருக்கு 132 கிராம். பாட்டில் பாட்டிலாகப் போடுவதைவிட, மொத்தச் சர்க்கரையையும் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சானிடைஸ் செய்த வேறொரு வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்குங்கள். மேலே சொன்ன அட்டைப்பெட்டி ருசி நினைவிருக்கட்டும், இங்கே சலசலப்பு கூடாது. முந்தின கேள்வியில் வேண்டாம் என்ற வாளி மாற்றம் வேறு. இது அடைக்கும் நாளில் மட்டும், அரை மணி நேரத்துக்கு.

பாட்டில் வெடிக்கும்னு பயமா இருக்கு.

பயம் இருப்பது நல்லது. எனக்கு இரண்டு பாட்டில் ராத்திரியில் வெடித்திருக்கிறது. அலமாரிக் கதவு மூடியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. நான் செய்த தப்பு, நொதித்தல் முடிவதற்குள் அடைத்தது.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போட்டால், பீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதோடு சேர்த்து, பீரின் அளவைப்போல 2.4 மடங்கு வாயு சேரும். சாதாரண பீருக்கு அது சரியான அளவு. ஹைட்ரோமீட்டரில் 0.001 இறங்கினால் அது மட்டுமே இன்னொரு அரை மடங்கு வாயு. 1.010இல் முடிய வேண்டியதை 1.014இல் அடைத்துவிட்டால் வாயு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். சாதாரணக் கண்ணாடி அதைத் தாங்காது.

ஆகவே பீரோ சோடாவோ வந்த, அழுத்தம் தாங்கும் பாட்டில்களே வேண்டும். ஒயின் பாட்டில், ஜூஸ் பாட்டில், அலங்காரக் கண்ணாடிக் குடுவை எதுவும் ஆகாது. முதல்முறைக்கு சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் நான் சொல்வேன். அழுத்திப் பார்த்தால் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலுக்கே தெரியும்; கல் மாதிரி இறுகினால் மூடியைக் கொஞ்சம் திருகி வாயுவை விட்டுவிடலாம், உடைந்தாலும் சில்லு பறக்காது. கண்ணாடி என்றால் பழுப்பு நிறம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் நாற்றமெடுக்கும் கந்தகச் சேர்மமாக மாறும், பச்சையும் வெள்ளையும் அதைத் தடுக்காது. கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு அடையுங்கள்.

ரெண்டு வாரமாச்சு, திறந்தா உஸ்ஸுனு கூட சத்தம் வரல.

பாட்டில்களை எங்கே வைத்தீர்கள்? ஃப்ரிட்ஜில் என்றால் அங்கேதான் பிசகு. ஈஸ்ட் குளிரில் தூங்கிவிடும். வெளியே எடுத்து 20 டிகிரிக்கு மேல் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது என்றால் ஒவ்வொரு பாட்டிலையும் ஒருதரம் தலைகீழாகக் கவிழ்த்து வண்டலைக் கலக்கிவிட்டுக் காத்திருங்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வாயு ஏறியபிறகு இரண்டு நாளாவது ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் அது பீரில் நன்றாகக் கரையும்.

அடியில சேறு மாதிரி தங்கியிருக்கு. குடிக்கலாமா?

அது ஈஸ்ட். விஷம் இல்லை, சிலருக்கு வயிறு உப்பும். பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஒரே மூச்சாக மெல்லச் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள்.

குடிச்சுப் பார்த்தேன், ஏதோ ஒரு மாதிரி இருக்கு. என்ன தப்பு பண்ணேன்?

"ஒரு மாதிரி" எந்த மாதிரி என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். பச்சை ஆப்பிள் என்றால் அவசரப்பட்டு அடைத்தது. இன்னும் சில வாரம் வைத்தால் குறையலாம். வெண்ணெய் என்றாலும் அதே காரணம் இருக்கலாம், சுத்தக்குறைவும் இருக்கலாம். தின்னர் என்றால் சூடு. மருந்துக்கடை என்றால் குளோரின், அல்லது பிளீச் சரியாக அலசாதது. எல்லா பாட்டிலிலும் புளிப்பு என்றால் வாளியில் கிருமி. ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்தப் பாட்டில்கள் சரியாகக் கழுவப்படவில்லை. மெலிசாக, உயிரில்லாமல் இருந்தால் சர்க்கரைக் கேள்விக்கு மேலே போய்ப் பாருங்கள். எதுவும் புரியாவிட்டால் ஒரு மாதம் மறந்துவிட்டு மறுபடி திறங்கள். மோசம் என்று நான் ஒதுக்கிய ஒரு முழுத் தொகுதி ஆறு வாரத்தில் ஆளையே மாற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு கிலோ சர்க்கரை சேர்த்தா கிக் கூடுமா?

கூடும், 23 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 சதவீதம். ஆனால் உடம்பே இல்லாத, தொண்டையில் எரியும் பீர் கிடைக்கும். அந்தச் சின்ன ஈஸ்ட் பொட்டலத்துக்கும் அது பெரிய சுமை. வலுவான பீர்தான் வேண்டும் என்றால் தண்ணீரைக் குறைத்து 18 லிட்டரில் நிறுத்துங்கள். ஆல்கஹாலோடு ருசியும் கூடும்.

வாளிக்கு அடியில தங்கின ஈஸ்ட்டை அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாமா?

பீர் நல்லபடியாக வந்திருந்தால் மட்டும். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கலக்கி, சானிடைஸ் செய்த ஜாடியில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறுக்கி மூடினால் மேலே சொன்ன வெடிக் கதைதான். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். அடுத்த 23 லிட்டருக்கு அதில் கால் பங்கு போதும். ஆனால் பீரை ருசித்துப் பார்த்துத்தானே ஈஸ்ட் நல்லதா என்று தெரியும், அதற்குள் வாளியைக் கழுவியிருப்பீர்களே என்று கேட்பீர்கள். பாட்டிலில் அடைக்கும் நாளில் ஹைட்ரோமீட்டருக்கு எடுத்த மாதிரியைக் குடித்துப் பாருங்கள் என்றேன் அல்லவா, அதில் புளிப்போ மருந்து வாடையோ இல்லை என்றால் ஜாடியை எடுங்கள்.